சடைச்சியின் தோட்டமும் மைனாவின் வயிறும்

ஒரு காட்டில், பாறைச் சரிவுக்குக் கீழே, சடைச்சி என்ற முள்ளம்பன்றி வீட்டுத் தோட்டம் போட்டிருந்தது. பொந்து வாசலை ஒட்டிக் கத்திரியும் வெண்டையும் நட்டிருந்தது. கடைசியில், பாறையோரமாக ஒரு சுரைக்கொடி. பொந்துக்குள் இரண்டு குட்டிகள் இருந்தன. கோடை முற்றினால் காட்டில் கிழங்குக்குக்கூடப் பஞ்சம் வந்துவிடும். தோட்டம் காய்த்தால்தான் குட்டிகளுக்குச் சாப்பாடு, இல்லாவிட்டால் பட்டினிதான்.

அந்த வருடத்துக் கோடைக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, குழந்தைகளே! காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும். மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வரும். நாலு தூறல் போட்டுவிட்டு மறுபடியும் வெயில் அடிக்கும். சில நாள் ஒரே கொட்டாகக் கொட்டிப் பாத்தியெல்லாம் குளமாகிவிடும்.

சடைச்சி குனிந்த தலை நிமிராமல் உழைக்கும் பிராணி. வானத்தைப் பார்க்க அதற்கு நேரம் ஏது? வாகை மரத்தில் இருந்த மைனாவிடம்தான் கேட்டுக்கொள்ளும்.

“மைனாத் தம்பி, நீ உசரத்துல இருக்கியே, இன்னிக்கு வானம் எப்படி?”

“மேகம் திரளுது அக்கா! வேர்ல தண்ணி நின்னா செடி அழுகிடும். சட்டுனு தூரைச் சுத்தி மண்ணைப் பறிச்சு விடு!”

சடைச்சி விழுந்தடித்துக்கொண்டு ஓடி ஒவ்வொரு செடியாக மண்ணைப் பறித்துத் தள்ளியது. மழை வரவில்லை.

“காத்து மேகத்தைக் கலைச்சிடுச்சு, நான் என்ன செய்ய?” என்றது மைனா. “வெயில் ஏறுது பாரு. வேர் வெந்துடும். மறுபடி மண்ணைக் கொத்தி அணைச்சு வை!”

சடைச்சி மறுபடி கொத்தியது. அடுத்த நாளும் அதே கதை. பறிப்பதும் அணைப்பதுமாகவே அதன் பொழுது போயிற்று. நகம் தேய்ந்தது. முதுகு விண்விண் என்று தெறித்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. வரிசையின் கடைசிக்குப் போவதற்குள் களைத்து விழுந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டும் கத்திரிப் பூ உதிர்ந்தது. வெண்டை இலை சுருண்டு தொங்கியது.

“அம்மா, பசிக்குது” என்று குட்டிகள் முனகின.

“இதோ, காய்ச்சிடும்” என்று சொல்லிச் சொல்லிச் சடைச்சிக்கே நம்பிக்கை போய்விட்டது.

“பாழாப்போன கோடை!” என்று மைனா உச்சுக்கொட்டியது. “நான் மட்டும் சொல்லலேன்னா உன் கதி என்ன ஆயிருக்கும், அக்கா?”

ஒரு மத்தியானம் மைனா மறுபடியும் கத்தியது. “அக்கா, பெருமழை வருது! எழுந்திரு, மண்ணைப் பறி!”

சடைச்சி எழுந்தது. கால் மடங்கி வெண்டைச் செடியருகே அப்படியே உட்கார்ந்துவிட்டது.

“முடியலப்பா. மழை வரட்டும், வராமப் போகட்டும். இன்னிக்கு நான் கொத்த மாட்டேன்.”

“செடி செத்துடுமே!”

“சாகட்டும். நானே பாதி செத்துட்டேன்.”

மைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மரத்தைவிட்டு இறங்கி வந்து சடைச்சியைச் சுற்றிச் சுற்றி நடந்தது.

“எல்லாம் வேண்டாம் அக்கா, கடைசியில அந்தச் சுரைக்கொடியை மட்டும் கொத்து. அங்க நீ கை வைக்கவே இல்லை. மண்ணு ஈரமா இருக்கும், புழுவெல்லாம் நல்லாக் கொழுத்து…”

சொல்லிவிட்டுச் சட்டென்று அலகை மூடிக்கொண்டது.

சடைச்சி மெல்லத் தலையைத் திருப்பியது. அதே வெயிலிலும் அதே மழையிலும் சுரைக்கொடி பச்சைப்பசேல் என்று பாறைமேல் படர்ந்திருந்தது. இலைக்கடியில் பிஞ்சும் காயுமாகத் தொங்கின. பக்கத்திலிருந்த வெண்டையை இழுத்துப் பார்த்தது. செடி கையோடு வந்தது. வேரெல்லாம் அறுபட்டு, நகம் பட்ட தழும்பாக இருந்தது.

கொத்தும்போதெல்லாம் மைனா பின்னாலேயே தத்தித் தத்தி வந்தது இப்போதுதான் சடைச்சிக்கு உறைத்தது.

“நான் கொத்தக் கொத்த உனக்குப் புழு கிடைச்சுது. அதுக்குத்தான் மழை வருது, வெயில் ஏறுதுன்னு சொன்னியா? என் குட்டிங்க பட்டினி உனக்குத் தெரியாதா தம்பி?”

“நான் சும்மா சொன்னேன், நீதானே அக்கா கொத்தினே!” என்றது மைனா.

சடைச்சிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஒரே ஒரு முறை முள்ளைச் சிலிர்த்தது. மைனா பறந்தே போய்விட்டது.

மழை அன்றைக்கு உண்மையாகவே கொட்டியது. சடைச்சி எதையும் தொடாமல் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தது. மழை விட்டதும் ஒரு சுரைக்காயை உருட்டிக்கொண்டு போய்க் குட்டிகளின் முன்னே போட்டது. அவை ஆவலாகத் தின்றன.

“கத்திரிக்காயும் வெண்டைக்காயும் எங்கேம்மா?” என்று கேட்டது ஒரு குட்டி.

“மைனா தின்னுடுச்சு” என்றது சடைச்சி. தேய்ந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே, “நான்தான் ஊட்டி விட்டேன்” என்றது.

நீதி: ஒருவர் சொல்லும் யோசனையைக் கேட்டு ஓடுவதற்கு முன், அதனால் யாருடைய வயிறு நிறைகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.