காலித் தாளில் ஒரு கையெழுத்து

குன்னூர் கிளப்பில் ஜாஸ் பாடுகிற ஃபிலோமினாவுக்குச் செக்ரட்டரி சடகோபன் புது உத்தரவு போட்டார். "பாட்டு வரிகளை முன்னாடியே எழுதிக் காட்டி என் கையெழுத்து வாங்கணும். தாளில் இல்லாத ஒரு வார்த்தை வந்தாலும் வேலை போச்சு!"

அவள் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளை நீட்டினாள். படிக்காமலே கையெழுத்துப் போட்டுப் பழகிய அவர் கை, போட்டுவிட்டது.

மேடையில் அவள் வார்த்தையே இல்லாமல், டிரம்பெட்டுக்குச் சரிக்குச் சரியாக வாயாலேயே இசையைக் கொட்டினாள்.

சடகோபன் தாளோடு ஓடிவந்தார். "நிறுத்தும்மா! இதில் ஒண்ணுமே இல்லையே!"

"நானும் ஒரு வார்த்தைகூடப் பாடலையே, சார். பாடியிருந்தா சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினாள்.

"ஏன், ஷூபி தூபா தாப், பபபா தூ!" என்று அவள் பாடியதை மைக்கில் அப்படியே பாடிக் காட்டினார் சடகோபன்.

டிரம்ஸ்காரர் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். கிளப்பே எழுந்து கைதட்டியது.

"அடுத்த சனிக்கிழமை நீங்களே பாடுங்க சார்" என்றாள் ஃபிலோமினா. "தாளில் நான் கையெழுத்துப் போடறேன்."