வாய் மூடிய ஆட்காட்டி

மூங்கில்சரிவு என்ற காட்டில் செம்மூக்கி என்றொரு ஆட்காட்டிக் குருவி இருந்தாள். ஆட்காட்டிக்கு மரத்தில் கூடு கட்டத் தெரியாது. தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். ஆபத்து வந்தால் காடே எழுந்து ஓடும்படி கத்தும். அதற்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

அவளுடைய அப்பா கூவலன் போன கோடையில் அப்படிக் கத்தித்தான் செத்தார். காட்டுத்தீ வந்தபோது கடைசி முயல் ஆற்றைத் தாண்டும்வரை அவர் வாயை மூடவில்லை. அதற்குள் புகை அவரைச் சூழ்ந்துவிட்டது.

காடு அழுதது. உண்மையாகவே அழுதது. அழுது முடித்ததும் கூட்டம் போட்டது.

யானைச் சங்கம், காட்டெருமைக் கழகம், பன்றிப் பேரவை மூன்றும் கைகோத்து, கூவலனுக்கு நாடே போற்றும் நினைவுச்சின்னம் எழுப்ப ஒரு கூட்டமைப்பு தொடங்கின. யானை தலைவர். நரிக்குச் சொந்தமாகச் சங்கமே கிடையாது. ஆனாலும் அது செயலாளர் ஆகிவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள், நரிகள் அப்படித்தான் செயலாளர் ஆகும்.

கூட்டத்துக்கு மேல் கூட்டமாக நடந்து அடுத்த கோடையும் நெருங்கியது. வழக்கமாக இதே மூன்று சங்கங்களும் சேர்ந்துதான் மாசி மாதத்தில் சரிவின் அடிவாரத்தைச் சுத்தம் செய்யும். காட்டெருமைகள் காய்ந்த புல்லை மேயும், யானைகள் மிச்சத்தை மிதிக்கும், பன்றிகள் வேரோடு கிளறிவிடும். வெறுந்தரையைத் தாண்டித் தீ மேலே ஏறாது. போன வருடம் அந்த வேலையைத் தள்ளிப்போட்டதால்தான் தீ ஏறியது. அதைப் பற்றி மட்டும் எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசவில்லை.

செம்மூக்கி கணவனை அடைகாக்க உட்காரவைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்தாள்.

"ஐயா, அப்பாவுக்குச் சின்னமே வேண்டாம். கீழே இருக்குற புல்லை மிதிச்சு விடுங்க, அது போதும். எங்க முட்டையெல்லாம் தரையில கிடக்கு. தீ வந்தா தூக்கிட்டு ஓட எங்களால முடியாது."

யானைக்குக் கண் கலங்கியது. "என்ன ஒரு தன்னடக்கம்! இந்த மனசுக்காகவே சின்னத்தை இன்னும் ஒரு முழம் உயர்த்தணும்."

"புல்லு பராமரிப்புல வரும்மா," என்றது நரி. "நாங்க நினைவுப் பிரிவு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

பிறகு முக்கியமான விஷயத்துக்கு வந்தார்கள். பீடத்தில் யார் பெயர் முதலில்?

"உருவத்துல பெரியவங்க முதல்ல," என்றது யானை.

"அஸ்திவாரம் தோண்டுறது யாரு?" என்று உறுமியது பன்றி.

"எங்க பேரு இல்லாத பீடத்துல நாங்க கொம்பை உரச வேண்டியிருக்கும்," என்றது காட்டெருமை.

கடைசியில் மூன்று சங்கங்களின் பெயரும் மூன்று பக்கமும் வந்தன. நான்காவது பக்கத்தில் நரியின் பெயர் வந்தது. கூவலன் பெயரைப் பீடத்துக்கு அடியில் பொறிக்கலாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

கரையான்கள் களிமண்ணில் சிலையை எழுப்பின. "அலகைத் திறந்து வைக்கட்டுமா?" என்று கேட்டன.

"வேண்டாம், வேண்டாம். கத்துற மாதிரி இருக்கும்," என்று முகம் சுளித்தது பன்றி.

"அவர் கத்தினதாலதானே நீங்க இருக்கீங்க?" என்றாள் செம்மூக்கி.

"இருந்தாலும் வாயை மூடினாத்தான் கம்பீரம்," என்றது நரி. அலகு மூடப்பட்டது.

திறப்பு விழா பங்குனி வெயிலில் நடந்தது. மௌன அஞ்சலி என்று நரி அறிவித்ததும் எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிந்தார்கள். அப்போதுதான் செம்மூக்கிக்குப் புகை வாடை அடித்தது. அடிவாரத்தில் காய்ந்த புல் பற்றிக்கொண்டிருந்தது.

அவள் உயிரைக் கொடுத்துக் கத்தினாள்.

"உஷ்!" என்றது கூட்டம்.

யானையின் காதருகே பறந்து போய்க் கத்தினாள். யானை கண்ணைத் திறக்காமலே மெல்லச் சொன்னது: "உன் துக்கம் புரியுதும்மா. அஞ்சலி முடியட்டும்."

அஞ்சலி முறைப்படி முடிந்தது. கண்ணைத் திறந்தபோது தீ பாதிச் சரிவு ஏறியிருந்தது. கால் இருந்தவர்கள் எல்லாரும் ஆற்றைப் பார்த்து ஓடினார்கள். செம்மூக்கி கூட்டுக்குப் பறந்தாள். இறகு கருகியும் எழாமல் உட்கார்ந்திருந்த கணவனைக் கொத்திக் கொத்திக் கிளப்பினாள். முட்டைகளைக் கிளப்ப அவளால் முடியவில்லை.

தீ அடங்கியதும் கூட்டமைப்பு திரும்பி வந்தது. களிமண் சிலை தீயில் வெந்து முன்பைவிட உறுதியாக நின்றது.

"சின்னத்துக்கு ஒண்ணும் ஆகல," என்று யானை பெருமூச்சு விட்டது. எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

"அந்த முட்டைங்களுக்கும் ஒரு சின்னம் வைக்கணும்," என்றது நரி. அதுவும் ஒருமனதாக நிறைவேறியது. ஆற்றோரம் இன்னும் எரியாமல் நின்ற காய்ந்த புல்லை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செம்மூக்கி பார்த்தாள். கத்த வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, கணவனோடு ஆற்றைத் தாண்டி வேறு காட்டுக்குப் போய்விட்டாள். மூங்கில்சரிவில் இப்போது ஒரே ஒரு ஆட்காட்டிதான் இருக்கிறது, பீடத்தின்மேல், வாயை மூடிக்கொண்டு.

எச்சரித்துச் செத்தவருக்குச் செய்யும் மரியாதை, அடுத்து எச்சரிப்பவருக்குக் காது கொடுப்பதுதான்.