பெட்ரோலுக்கு வைத்த தாம்பூலம்

கூழைப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே தொந்தரவும் அதுதான்.

குருபாதத்தின் கல்யாணத்தன்று, அப்பா காலத்துக் கார் பாதி வழியில் படுத்துவிட்டது. பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். தவறினால் ஆவணியில்தான் என்று மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். மாலையும் கழுத்துமாக உள்ளே உட்கார்ந்திருந்த குருபாதத்துக்கு அழுகை முட்டியது. அண்ணன் சங்கிலி, மெக்கானிக் தாவீதுக்குப் போன் போட்டான்.

"டேங்க்ல இருந்து பெட்ரோல் முன்னால வருதான்னு பாருங்க" என்றார் தாவீது.

பார்த்தார்கள். சங்கிலி பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தான். தம்பி பிச்சாண்டி முன்னால் பானெட்டைத் தூக்கி கார்புரேட்டரைப் பார்த்தான். கால் மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

"ஏலே, வந்துட்டா?"

"வரலண்ணே. அங்கேருந்து கெளம்பிட்டா?"

"எங்க கெளம்புது? அடியில கெடந்து தளும்பிக்கிட்டு இருக்கு."

குருபாதம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "முறையாக் கூப்பிட்டீங்களாண்ணே? தாம்பூலம் வைக்கலன்னுதான நம்ம சித்தப்பாவே வரல?"

நியாயமான பேச்சு. சங்கிலி வெற்றிலை பாக்குத் தட்டை டேங்க் முன்னால் நீட்டி, "குடும்பத்தோட வந்திரணும்" என்று கும்பிட்டான்.

அதற்கும் அசையவில்லை. மறுபடி போன்.

"பம்புக்கு வர்ற டியூபைக் கழட்டி, டேங்க் பக்கமா வாய் வெச்சு ஊதுங்க. அடைப்பு போயிரும். கெளம்பிட்டா, நான் மண்டபத்துக்கு வர்ற வரைக்கும் வண்டிய எங்கயும் நிறுத்திராதீங்க."

கல்யாணம் குருபாதத்துக்கு என்பதால் வாயும் அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மூன்றாவது ஊதலில் டேங்க் குடகுடவென்றது. டியூபை மாட்டியதும் வண்டி கிளம்பியது.

"பாத்தியா, தாம்பூலம் வேலை செஞ்சுட்டு" என்றான் சங்கிலி.

பத்து மணிக்கு மண்டபம் வந்தது. தாவீது வரவில்லை. அப்புறம் எப்படி நிறுத்துவது? சங்கிலி மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான். ஐயர் தாலியோடு பின்னாலேயே ஓடினார். பத்து இருபதுக்கு வண்டி நாலு தடவை இருமிவிட்டு வாசலில் நின்றது.

"ஐயோ, நிக்கக் கூடாதே!" குருபாதம் ஓவென்று அழுதுவிட்டான்.

மணப்பெண் தங்கபுஷ்பம் வாசலுக்கு வந்தாள். "நிக்கக் கூடாதுன்னா தள்ளுங்களேன்" என்றாள்.

அட, இது யாருக்குமே தோன்றவில்லை! இரண்டு வீட்டாரும் தள்ளினார்கள். நகர்கிற வண்டியில் அவள் ஏறிக்கொண்டாள். பத்து இருபத்தொன்பதுக்கு, பெட்ரோல் நாறும் மீசையோடு குருபாதம் தாலி கட்டினான். இப்படியொரு புத்திசாலி வாய்த்தாளே என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

தாவீது வந்தபோது கடைசிப் பந்தி முடிந்திருந்தது. சொந்தபந்தமெல்லாம் மூச்சிரைக்க இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது. அவர் ஓடிப்போய் வண்டியை மறித்து, டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஒரு சொட்டு பெட்ரோல் இல்லையேய்யா!"

"எப்படி இருக்கும்?" என்றான் குருபாதம் பெருமையாக. "குடும்பத்தோட கூப்பிட்டோம்லா? ஒண்ணு விடாம எல்லாம் கல்யாணத்துக்கு வந்துட்டு."

தங்கபுஷ்பம் பதறிப்போனாள்.

"ஐயையோ, சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னீங்களா?"