விற்கிறவர் தின்ன வேண்டிய மருந்து

மேழிநாட்டில் கஞ்சா லேகிய வியாபாரம் சக்கைப்போடு போட்டது. அதைத் தின்ற தேரோட்டி ஒருவன், அரசர் கொற்றவேள் ஏறியிருந்த தேரைக் குளத்துக்குள்ளேயே ஓட்டிவிட்டான். தலையில் பாசியோடு கரையேறிய அரசர் அங்கேயே ஆணையிட்டார்: "அந்தச் செடியில் போதை தராத சரக்கை மட்டும்தான் இனி விற்கலாம்!"

எது போதை தரும் என்று முடிவு செய்வது சுங்க அதிகாரி திருமேனியின் வேலை. அவருடைய மைத்துனன் மருதையனுக்கு லேகியக் கடை. பிறகென்ன? லேகியம் மருந்தாகிவிட்டது. அதே செடியின் விதையை ஆட்டி எண்ணெய் விற்ற அஞ்சுகத்தின் கடைக்குப் பூட்டு விழுந்தது.

அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. நேரே சபைக்கு வந்து நின்றாள்.

"தாளிக்கிற எண்ணெய், மகாராஜா. இதில் அப்பளம் பொரியும். ஆளுக்குக் கிறுகிறுக்காது."

"செடி ஒன்றுதானே அம்மா!" என்றார் திருமேனி. "லேகியமோ வெறும் செரிமான மருந்து. வியாபாரிகள் எல்லோரும் சத்தியமே செய்திருக்கிறார்கள்."

யாரை நம்புவது என்று அரசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவை விகடகவி கூத்தபிரான் எழுந்தார். அவர் எழுந்தாலே ஏதாவது ஓர் அதிகாரியின் குட்டு உடையும்.

"சத்தியத்தை நம்புவோம், அரசே. எல்லாக் கடையும் திறக்கட்டும். ஒரு விதி போதும். கடைக்காரர்கள் எவ்வளவு விற்கிறார்களோ, அதே அளவை வாங்குகிறவர் கண்ணெதிரே தாங்களும் உண்ண வேண்டும்."

மருதையனால் மறுக்க முடியுமா? மருந்து என்று சத்தியம் செய்தவனாயிற்றே!

மறுநாள் உச்சிவெயிலில் அரசர் திருமேனியையும் கூத்தபிரானையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். மருதையன் கடைத்தூணைக் கட்டிக்கொண்டு, "மாமா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கடைக்காரர் தராசுத் தட்டில் ஏறி உட்காரப் பார்த்தார். கரண்டி கரண்டியாக எண்ணெய் குடித்திருந்த அஞ்சுகம் மட்டும், ஏப்பம் விட்டபடி சில்லறையைச் சரியாகக் கொடுத்தாள்.

"வெயில் கடுமை, அரசே," என்றார் திருமேனி.

"ஒரு உருண்டை தின்றுவிட்டு இதையே சொல்லுங்களேன்," என்றார் கூத்தபிரான்.

"எனக்கு இன்று விரதம்..."

"பதவிக்கும் சேர்த்தே விரதம் இரும்!" என்ற அரசர், அஞ்சுகத்தின் பக்கம் சிரித்துக்கொண்டே திரும்பினார். "உன் கடையை இனி யாரும் பூட்ட மாட்டார்கள். அரண்மனைச் சமையலுக்கு இன்றே பத்துக் குடம் எண்ணெய் கொடு!"

அஞ்சுகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூத்தபிரானைப் பார்த்தாள்.

"ஐயா, முதலில் உங்கள் விதியை எடுக்கச் சொல்லுங்கள். பத்துக் குடத்தை நான் எப்படிக் குடிப்பேன்?"