இன்றைக்கு எத்தனையாவது நாள்?

“பூஜ்யம்னு காட்டுது சாமி. நான் ஊரைப் பார்க்கப் போறேன்” என்றார் தணிகாசலம்.

கையில் துணிப்பை. பைக்குள் இரண்டு வேட்டியும் ஒரு துண்டும்.

சாமி சமையற்கட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் முறை. எது பூஜ்யம் காட்டுது, உட்கார்ந்து சொல்லுங்க என்று பலகையைத் தள்ளிப் போட்டார்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் சின்ன மடம் அது. சாமிக்கு நாற்பத்தொரு வயது, தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு. குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுகிற மடத்தை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். காவி கட்டுவதற்கு முன்னால் சாமி ஒரு கம்பெனியில் ஆட்களின் லீவுக் கணக்குப் பார்த்தவர். அதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார், வேறொன்றும் சொல்ல மாட்டார்.

தணிகாசலம் குடியை விட வந்தவர். வீட்டில் அவர் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் மனைவி புஷ்பவல்லியே அவரை பஸ் ஏற்றிவிட்டாள். ஒரு வருஷம் முழுசாகத் தொடாமல் இருந்தால் வீட்டுக்கு வாங்க, இல்லையென்றால் வாசப்படி மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாவம், அவளும் எத்தனை காலம்தான் பொறுப்பாள்.

மடத்து கம்ப்யூட்டரில் அரிசி பருப்பு வரவைப் பதிகிற வேலை அவருக்கு. அதிலேயே தனக்கென்று ஒரு ஷீட் வைத்திருந்தார். முதல் கட்டத்தில் குடியை விட்ட தேதி. இரண்டாவதில் அன்றன்றைய தேதி, அது தானாக மாறிக்கொள்ளும். இதிலிருந்து அதைக் கழித்தால் வருகிற எண் மூன்றாவது கட்டத்தில்.

ஞாயிறு சாயங்காலம் புஷ்பவல்லி போன் பண்ணுவாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்கிற பேச்செல்லாம் கிடையாது. எத்தனை நாள் ஆச்சு என்று கேட்பாள். இவர் கட்டத்தைப் பார்த்துச் சொல்வார். சரி என்று வைத்துவிடுவாள். அந்த ஒரு ‘சரி’க்காக மனுஷன் வாரம் பூராவும் காத்துக் கிடப்பார்.

போன ஞாயிறு இருநூற்றைந்து என்று சொன்னார்.

நேற்று மடத்துக்குக் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போனவரின் தோளில் பழைய சேக்காளி ஒருவன் கை போட்டான். ரெண்டு பேருமாகப் பிராந்திக் கடைக்குள் போனார்கள். அவ்வளவுதான்.

இன்று காலையில் குளித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதல் கட்டத்துத் தேதியை அழித்தார். இன்றைய தேதியைப் போட்டார். மூன்றாவது கட்டத்தில் 0 என்று வந்தது.

ஏழு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததற்குக் கிடைத்தது ஒரு சுழி. இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது? பூஜ்யம் என்றால் பூஜ்யம்தானே, இங்கே கிடந்தால் என்ன, கடையில் கிடந்தால் என்ன என்று எல்லாவற்றையும் சாமியிடம் கொட்டித் தீர்த்தார். அழுகை வந்தது, அழுதார். சாமி கண்ணிலும் தண்ணீர் நின்றது. வெங்காயமாக இருக்கலாம்.

“நேத்து நீங்க கடைக்குள்ள போனதை யாரு பார்த்தா?”

“அந்தச் சேக்காளியைத் தவிர யாரும் பார்க்கலை சாமி.”

“அப்ப தேதியை மாத்தினது?”

“நான்தான்.”

சாமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாங்க, அந்த ஷீட்டைப் பார்ப்போம் என்று முன்னால் நடந்தார். தணிகாசலம் பையை விடாமல் பின்னால் போனார்.

சாமி அந்தச் சுழியைப் பார்த்தார். அண்ணாச்சி ஐயப்பனுக்கு மாலை போட்டதுண்டா என்று கேட்டார். பதினோரு தடவை போட்டிருக்கிறார் தணிகாசலம். எத்தனை குடித்தாலும் அந்த விரதத்தை மட்டும் முறித்ததில்லை.

“மாலை போடுத அன்னைக்கு, விரதத்துல அது எத்தனையாவது நாள்?”

“முதல் நாள்.”

“இன்னைக்குக் குடிச்சீங்களா?”

“இல்லை சாமி.”

சாமி மூன்றாவது கட்டத்தைத் தொட்டார். அங்கே இருந்த கழித்தலுக்குப் பின்னால் +1 என்று தட்டினார்.

0 போய் 1 வந்தது.

தணிகாசலம் அதையே பார்த்தார். பிறகு மெதுவாக, இது ஏமாத்து வேலை இல்லையா சாமி என்றார்.

“கழிக்கச் சொன்னீங்க, அது கழிச்சுது. இருந்த நாளை எண்ணச் சொல்லலையே” என்றார் சாமி. “போன ஞாயிறும் நீங்க ஒரு நாள் குறைச்சுத்தான் சொல்லியிருக்கீங்க.”

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் சிரித்தார்.

பாதி வெங்காயம் அப்படியே கிடக்கு, பையை வச்சிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு சாமி போய்விட்டார்.

சாயங்காலம் போன் வந்தது.

எத்தனை நாள் ஆச்சு என்றாள் புஷ்பவல்லி.

தணிகாசலம் கட்டத்தைப் பார்த்தார்.

“ஒண்ணு.”

வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“சரி” என்றாள் புஷ்பவல்லி. “அடுத்த ஞாயித்துக்கிழமை கேக்கும்போது எட்டுன்னு சொல்லணும் நீங்க.”