யாளி முத்திரை வண்டி

குமரங்காட்டுச் சீமையை ஆண்ட சிங்கராயருக்கு யாளி முத்திரை வண்டி என்றால் உயிர். அரண்மனை வண்டிப்பேட்டையில் நின்ற அத்தனை பாரவண்டியிலும் யாளித் தலை பொறித்திருக்கும். வேறு பட்டறை வண்டி வாசலைக்கூட மிதிக்க முடியாது.

யாளிப் பட்டறையின் பழைய ஆசாரி கருவேலத்தில் வண்டி அச்சு செய்தவர். மலையிலிருந்து உருட்டிவிட்டாலும் முறியாது. அவர் காலமானார், பட்டறை மகன் கைக்கு வந்தது. மகன் எந்த மரத்தில் செய்தானோ, அச்செல்லாம் முருங்கைக் கிளை மாதிரி படக்கென்று ஒடிந்தது. முத்திரை மட்டும் முன்னைவிடப் பெரிதாகி, தங்க வர்ணத்தில் மின்னியது.

எல்லைக் கோட்டைக்கு அரிசி கொண்டுபோன வண்டி நடுவழியில் குடைசாய்ந்தது. ஓட்டிப்போன வண்டிக்காரன் சங்கிலியைப் பிடித்துவந்து சிறையில் போட்டார்கள்.

வண்டிப்பேட்டையைக் கவனித்துவந்த மந்திரி அம்பலத்தரையருக்கு மனசு கேட்கவில்லை. நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, சங்கிலிமேல் தப்பில்லை. அச்சுதான் சரியில்லை."

"யாளி வண்டியையா குறை சொல்கிறீர்? என் பாட்டனார் பட்டமேற வந்தது அதில்தான். என் தகப்பனார் பெண்ணழைத்து வந்தது அதில்தான். குறையெல்லாம் ஓட்டுகிறவனிடம்!"

"கோட்டையில் வீரர்கள் பட்டினி கிடக்கிறார்களே..."

"அரிசி போகட்டும். ஆனால் யாளி வண்டியில்தான் போக வேண்டும். நீரே கொண்டுவாரும். நான் குதிரையில் முன்னால் போய்க் காத்திருக்கிறேன். வந்து சேராவிட்டால், சிறையில் சங்கிலிக்குப் பக்கத்தில் உமக்கும் ஓர் இடம்!"

அரையர் பேட்டைக்கு வந்து ஓர் அச்சைத் தட்டிப் பார்த்தார். உள்ளே பொத்தென்றது. தலையில் கைவைத்து உட்கார்ந்தவர், என்ன தோன்றியதோ, திடீரென்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு ஆற்றங்கரை மரக்கடைக்கு ஆளனுப்பினார்.

கோட்டை வாசலில் நின்ற ராஜா, தூரத்தில் புழுதி கிளம்புவதைக் கண்டார். கிட்ட வரவர, கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

மரம் ஏற்றும் பெரிய தட்டை வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும், கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு யாளி வண்டி! சக்கரத்தோடு, தங்க முத்திரையோடு. அதற்குள்ளே அரிசி மூட்டைகள். பசித்த வீரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

"இதென்னய்யா கோலம்? யாளி வண்டியில் கொண்டுவரச் சொன்னேனே!"

"மூட்டையெல்லாம் யாளி வண்டியில்தானே இருக்கிறது, மகாராஜா?"

ராஜாவின் மீசை துடித்தது. "அப்படியானால் யாளி வண்டி உதவாது என்கிறீரா?"

"சிவசிவா! அப்படி யார் சொன்னது? இத்தனை மேடு பள்ளம் தாண்டி வந்திருக்கிறது. ஓர் அச்சாவது முறிந்ததா, தாங்களே பாருங்கள்!"

ராஜா அண்ணாந்து பார்த்தார். உயரத்தில் யாளி சொகுசாக உட்கார்ந்திருந்தது. அடக்கி அடக்கிப் பார்த்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"போதும் அரையரே, புரிந்துவிட்டது. சங்கிலியை இன்றைக்கே விடுதலை செய்யச் சொல்லும்" என்று கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். "சரி, கீழே இருக்கும் இந்த வண்டிகள் எந்தப் பட்டறை?"

"தெரியாது மகாராஜா. இதுவரை முறிந்தால்தானே, யார் செய்தது என்று யாராவது கேட்டிருப்பார்கள்!"