துருப்பிடித்த குழாயும் சுண்ணாம்புக் கோடும்

இந்தக் கதையைச் சொல்பவர்கள் லாரியின் நிறத்தில் ஒத்துப்போவதில்லை. சிலர் பச்சை என்பர். சிலர் நீலம் என்பர். அதன் பிரேக் குழாய்கள் துருப்பிடித்திருந்தன என்பதில் மட்டும் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கொல்லிமலை அடிவாரத்தில் அம்சவேணி என்னும் பிரேக் மேஸ்திரியின் பட்டறை இருந்தது. அங்கே தொழில் கற்க வந்தவர் செங்கோடன். முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். மேஸ்திரியைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

முந்தைய மாதம் மலையிறங்கும்போது அவருடைய பழைய லாரியில் பிரேக் பிடிக்கவில்லை. மலைச்சரிவில் உரசி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. ஆனால் அதன்பின் மலைக்காரர்கள் அந்த வண்டியில் ஒரு கூடை அன்னாசிகூட ஏற்றவில்லை.

அறுவடை தொடங்கியது. மலைக்காரர்களுக்காக லாரி பேசுபவர் சடையன். வேறு வண்டி அமர்த்த ஆறு பேருடன் அவர் அடிவாரத்துக்கு வந்தபோது, செங்கோடன் பட்டறை வாசலில் மறித்தார்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. சரி பண்ணிடறேன்."

"உன் வண்டியில ஏத்தறதுக்கு மேலயிருந்து உருட்டி விட்டா, பழம் முன்னாடி வந்து சேரும்" என்றார் சடையன். ஆனாலும் பொறுத்தார்.

ஒழுகிய இடத்தில் ஒரு முழ நீளக் குழாயை மாற்றிவிட்டு, செங்கோடன் மேஸ்திரியிடம் வந்தார்.

"மேஸ்திரி, வேலை முடிஞ்சுதுன்னு எப்பங்க சொல்லலாம்?"

"மத்த குழாயெல்லாம் எப்படி இருக்குதுங்கண்ணா?"

"நல்லாத்தான் இருக்குதுங்க. போன வருசம் எஃப்.சி. சோதனைக்குப் போறப்ப நானே கறுப்பு பெயின்ட் அடிச்சேன்."

மேஸ்திரி ஒரு ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். "கீறிப் பாருங்க."

செங்கோடன் வண்டிக்கடியில் போய்ப் படுத்தார். கறுப்பு உரிந்தது. செந்தூள் முகத்தில் கொட்டியது. மூன்றாவது இடத்தில் ஸ்க்ரூடிரைவர் குழாய்க்குள்ளேயே இறங்கியது.

மற்ற குழாய்களையும் ஒவ்வொன்றாகக் கீறினார். பிறகு குரல் வந்தது.

"எல்லாத்தையும் கழட்டணுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார் மேஸ்திரி.

புதுக் குழாயைப் பழையதன் அளவுக்கு வெட்டி, அதன் வளைவுக்கு வளைத்து, முனைகளைப் புனல்போல் வட்டமாக விரித்து, நட்டால் பூட்டினார் செங்கோடன். மேஸ்திரி மேலே ஏறிப் பிரேக்கை மிதித்தார்.

"பிடிச்சிட்டேன்!"

"விடறேனுங்க!" என்று செங்கோடன் சக்கரத்தருகே திருகைத் தளர்த்தி, அடியில் பாட்டிலைப் பிடித்தார்.

பிரேக் ஆயிலோடு காற்றுக் குமிழிகள் பாட்டிலுக்குள் கொப்பளித்து வந்தன. மிதித்தும் விட்டும், குமிழி நிற்கும்வரை காற்றெடுத்தார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் சாலை சரிவாக இறங்கும். சரிவின் அடியில் ஒரு சுண்ணாம்புக் கோடு. (கோடன்று, கயிறு என்பாரும் உளர்.) குழாய் மாட்டியவர் அந்தக் கோட்டில் நிற்பார், மற்றொருவர் மேலேயிருந்து வண்டியை ஓட்டி வந்து அவர்முன் பிரேக் பிடிப்பார்.

செங்கோடன் போய் நின்றார். கோட்டின் ஓரத்தில், சாக்கடைப் பக்கமாக.

மேஸ்திரி வண்டியைக் கிளப்பவில்லை. "ஏனுங்கண்ணா அங்க?"

"இங்க நிழலுங்க."

அங்கே மரமும் இல்லை, மறைப்பும் இல்லை.

"குதிச்சு ஓடறதுக்கு வாகான நிழல்!" என்றார் சடையன். ஆறு பேரும் சிரித்தார்கள்.

மேஸ்திரி இறங்கி அருகில் வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்த முனைங்க?"

செங்கோடன் தலைகுனிந்தார். "பின்சக்கரத்துக்குப் போறது. இடது பக்கம். விரிக்கிறப்ப ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. நட்டை இறுக்கிட்டேன். ஒழுகலீங்க."

"இப்ப ஒழுகலை" என்றார் மேஸ்திரி. டீக்கடைக்கு நடந்தார்.

செங்கோடன் மறுபடி படுத்தார். முனையை வெட்டி எறிந்துவிட்டு விரித்தார், கோணியது. இன்னொரு முறையும் கோணியது. மூன்றாவது வட்டமாக வந்தது. மேஸ்திரி திரும்பி வந்ததும் இருவரும் மீண்டும் காற்றெடுத்தார்கள்.

"வெறும் வண்டி நிக்கறது ஒரு வித்தையா?" என்றார் சடையன்.

"மணல் மூட்டை கிடக்குது. ஏத்துங்க" என்றார் செங்கோடன். "நீங்களும் ஏறிக்குங்க."

மூட்டைகளை ஏற்றினார்கள். ஒருவரும் ஏறவில்லை.

செங்கோடன் கோட்டின் நட்டநடுவில் போய் நின்றார். மேலே இன்ஜின் உறுமியது. அவர் மேட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"ஏ, தள்ளு! தள்ளிப் போ!" என்று சடையனே கத்தினார்.

லாரி சரிவில் பாய்ந்து வந்தது. செங்கோடன் அசையவில்லை. டயர்கள் கிறீச்சிட்டன. இன்ஜினின் சூடு அவர் முதுகில் பட்டது. திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். உள்ளங்கை பம்பரில் பட்டது.

விசில் பறந்தது. ஒருவன் துண்டைச் சுழற்றினான். இருவர் ஓடிவந்து செங்கோடனைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

"இறக்குங்கப்பா! இன்னொரு தடவை!" என்று அவர் மேலேயிருந்து கத்தினார்.

மூன்று முறை ஓட்டினார்கள் என்பர். ஐந்து என்பாரும் உண்டு. கடைசி முறை வண்டி வந்தபோது மூட்டைகளின்மேல் ஆறு பேரும் உட்கார்ந்து கூவிக்கொண்டு வந்தார்கள். செங்கோடன் கோட்டில் நின்று, முதுகைக் காட்டியபடியே, அவர்களோடு சேர்ந்து கூவினார்.

சடையன் மட்டும் ஓட்டுநர் கதவருகே வந்து நின்றார்.

"மேஸ்திரி, நாளைக்குக் காலையில இந்த வண்டியிலயே பழம் ஏத்திடலாமுங்களா? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மேஸ்திரி இன்ஜினை அணைத்தார்.

"நான் உள்ளே உட்கார்ந்திருந்தவளுங்க. முன்னால நின்னவரைக் கேளுங்க."